கொழுந்தன் சத்தியம் செய்த சிப்

அந்த வீட்டில் மூத்த மருமகளுக்கு ‘நத்தை’ என்று பெயர். வைத்த புண்ணியவான் அவள் கொழுந்தன். கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸர் சிப்பை வடிவமைக்கும் கம்பெனியில் அவன் பெரிய ஆள். சொந்தபந்தமெல்லாம் அவனைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடியது. அவளோ ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதும் வேறொரு கம்பெனியில், அந்தப் பெரிய ஆட்கள் செய்து வைக்கும் கோளாறுகளுக்கு ஒட்டுப் போடுகிறவள்.

கோளாறும் லேசுப்பட்டதில்லை. வேலை இல்லாத நேரத்தில் அந்தச் சிப் குட்டித் தூக்கம் போடும். எழுந்ததும் எப்போதாவது பழைய எண்ணையே புதியது என்று எடுத்து நீட்டிவிடும். அதை லட்சக்கணக்கில் விற்றுத் தள்ளிவிட்டு, கம்பெனி கையை விரித்தது. சிலிக்கானில் பொறித்ததை ரப்பர் வைத்தா அழிக்க முடியும்? அதனால் சிப் கண்விழிக்கும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று அவள் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எழுதி வைத்தாள். கணக்கு சரியானது, வேகம் படுத்தது. கோளாறு செய்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்டேட் போட்டவளைத்தான் ஊரே திட்டியது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு சதுரங்கம் ஆடும் மாமனாரும் சேர்ந்துகொண்டார்.

பிறகு புதுச் சிப் வந்தது. கோளாறு தீர்ந்தது என்று கொழுந்தனின் கம்பெனி வாய் கிழியச் சொன்னது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஆபரேட்டிங் சிஸ்டம் சிப்பின் மாடல் எண்ணைப் பார்க்கும். அவளுடைய பட்டியலில் அந்த எண் இருந்தால்தான் ஒட்டு வேலை செய்யும். புது எண் பட்டியலில் இல்லை. ஆகவே சிப் பறந்தது, விளம்பரமும் பறந்தது.

அப்புறம் ஒரு பஸ் டிக்கெட் அலுவலகத்தில், அந்தப் புதுச் சிப் ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தது. அவளுக்குப் பொறி தட்டியது. ஆனால் சோதனை அறையில் என்ன செய்தும் அந்தப் பாழாய்ப்போன கோளாறு தலைகாட்டவில்லை. காற்றடிக்கும் பக்கம் சாய்கிற அவளுடைய மேனேஜர், ஆதாரம் இல்லாமல் சிப் கம்பெனியின் பெயரைக் கெடுத்தால் அவள் வேலையைக் காப்பாற்றுவது தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

விஷயம் காதுக்கு எட்டியதும் கொழுந்தன் தேனாய்ப் பேசிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

“சத்தியமா சுத்தமான சிப்பு அண்ணி. அப்பாவுக்கே அதைப் போட்ட கம்ப்யூட்டர்தான் வாங்கிக் குடுத்திருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும்?”

அவள் மனம் ஆடிப்போனது. பெற்ற அப்பாவிடம் போய் எவன் சொத்தைச் சரக்கைக் கொடுப்பான்?

அதற்குள் மாமனார் உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். புதுக் கம்ப்யூட்டரும் ஒரு காயை நகர்த்த யுகமெடுக்கிறதாம். “இதுலயும் உன் கைவரிசையக் காட்டிட்டியாம்மா?” என்றார்.

பட்டியலில் இல்லாத சிப் எப்படி மந்தமாகும்? அவள் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகளைத் திறந்தாள். அங்கே ஒரு வரி. அவளுடைய ஒட்டை யாரோ கையால் எழுதி இயக்கியிருந்தார்கள். மாமனாருக்கு அதெல்லாம் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவன் ஒருவன்தான்.

கொழுந்தனைக் கூப்பிட்டு வரியைக் காட்டினாள். அவன் தரையைப் பார்த்தான்.

“அப்பா மிஷின்ல எதுவும் ஆயிடக் கூடாதுன்னுதான்...”

“அப்ப மத்தவங்க அப்பா?”

அவளுக்குக் கோபத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது. அவன் கண்ணெதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து, பட்டியலில் புதுச் சிப்பின் எண்ணைச் சேர்த்தாள். அவர்கள் தொழில் வழக்கப்படி, ‘சோதித்தவர்’ என்று ஒரு பெயர் இல்லாமல் எந்த மாற்றமும் உள்ளே போகாது. அந்த இடத்தில் கொழுந்தனின் முழுப்பெயரை அடித்துவிட்டு, பிழை இல்லாமல் இருக்கிறதா என்று அவனிடமே கேட்டாள்.