நாலரை மணி பஸ்ஸில் போன ஐந்து செய்திகள்

நிருபர் வேலையில் செய்தி சேகரிப்பது பெரிய காரியமில்லை. சேகரித்ததை மழையில் நனையாமல் பஸ் டிரைவர் கையில் சேர்ப்பதுதான் பெரிய காரியம். தொண்ணூறுகளில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்கா வட்டார நிருபராக இருந்தேன். எழுதிய தாள்களையும் ஃபிலிம் சுருளையும் ஒரு கவரில் போட்டு, நாலரை மணி கோலாலம்பூர் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டால், அங்கே அலுவலகத்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார். துண்டுச் செய்தி எழுதிவிட்டு மறுநாள் அதை ஆறாம் பக்க மூலையில் தேடியவர்களுக்கு என் பாடு தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன்.

முதல் செய்தி: இல்லாத தண்ணீர்

காலையில் செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். பம்ப் கெட்டு மூன்று வாரமாக, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் குழாய்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ரப்பர் பால்மரம் வெட்டும் பச்சையம்மாள் அக்காவுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. இருபது நாள்கூட ஆகவில்லை. ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குளிப்பாட்டியும் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். அழுது அழுது அதற்குத் தொண்டை கட்டியிருந்தது.

இதைப் பற்றி நான் ஏற்கெனவே இரண்டு முறை எழுதி அனுப்பியிருந்தேன். "எந்தத் தோட்டத்துலம்மா தண்ணி ஒழுங்கா வருது? இது செய்தியே இல்ல" என்று செய்தி ஆசிரியர் இரண்டையும் ஒதுக்கிவிட்டார். சனிக்கிழமை சட்டமன்ற உறுப்பினர் ஒரு திறப்பு விழாவுக்குச் செலண்டார் வருவதாக இருந்தது. அதற்கு முன் பேப்பரில் வந்தால்தான் அவர் முன்னால் நீட்டிக் கேட்க முடியும். லயத்து ஆட்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனு ஒன்றை அக்கா என்னிடம் கொடுத்தார்.

"நீ எழுதி, அவுங்க படிச்சி, தண்ணி வரதுக்குள்ள எம்புள்ள நடக்க ஆரம்பிச்சிரும் போல" என்றார்.

இரண்டாம் செய்தி: மாலை போட்ட அலமாரி

அங்கிருந்து நேராக ஒரு தமிழ்ப்பள்ளிக்கு. பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்திருந்தது. வாழைமரம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பெற்றோர் சங்கத்தார் வேட்டி சட்டையில் வரிசையாக நின்றார்கள். கம்ப்யூட்டரைத்தான் காணோம். தூசி படக்கூடாது என்று தலைமையாசிரியர் அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டபடி ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டாராம்.

வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? அலமாரிக்கே மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். இரண்டு பேர் அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் வேறு வழியில்லாமல் படம் எடுத்தேன். சங்கத் தலைவர், லாரி ஓட்டுகிற மனிதர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"படத்துக்குக் கீழ 'கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறது'ன்னு ஒரு வரி போட்டுரு தங்கச்சி, அது போதும்."

மூன்றாம் செய்தி: தெரியாத வால்நட்சத்திரம்

அந்த மாதம் வானத்தில் வால்நட்சத்திரம் வந்திருக்கிறது என்று எல்லாப் பேப்பரிலும் பேச்சு. சுங்கை ரம்பாயில் டயர் கடை வைத்திருக்கும் சந்திரன் அண்ணன் பிளாஸ்டிக் குழாயிலும் பழைய கண்ணாடி வில்லைகளிலும் தானே ஒரு தொலைநோக்கி செய்துவிட்டார். பேட்டி எடுக்க என் மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் போனேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வால்நட்சத்திரம் எங்கே தெரியும்? ராத்திரியாவது தெரிந்ததா என்று கேட்டால், ஒரு வாரமாக மேகமாம்.

மனிதரின் முகம் வாடிப்போனதைப் பார்க்கப் பொறுக்காமல், நான் பகலிலேயே குனிந்து பார்த்தேன். செம்பனை மரங்களுக்கு அப்பால் யாரோ ஒருவர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, ஓட்டின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தெளிவாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அண்ணன் என்ன செய்வார்? கருவி அருமை, செய்தி கட்டாயம் வரும் என்றேன்.

"தெரியலன்னு மட்டும் எழுதிராத தங்கச்சி. மேகம் வெலகுனா தெரியும்னு எழுது, அது பொய்யில்லல்ல?" என்றார்.

நான்காம் செய்தி: டீச்சரின் பறிமுதல்

வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அரைப் பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பெரியவர் ஒருவரின் கருத்து வேண்டும். தெங்கேராவில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஆசிரியை நேசமணி இருந்தார். டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் அவர் செருமினாலே நிமிர்ந்து உட்காரும். கதவைத் தட்டினேன். "கதவு திறந்துதான் கிடக்கு" என்று குரல் மட்டும் வந்தது.

உள்ளே டீச்சர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கையடக்க விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கண்ணருகே பிடித்து, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். போன மாதம் பரீட்சை நேரத்தில் ஒரு மாணவனிடமிருந்து பறிமுதல் செய்ததாம். பரீட்சை முடிந்தும் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. மேசையில் புது பேட்டரிகள் வரிசையாக இருந்தன. நான் நோட்டைத் திறந்ததும், கண்ணை எடுக்காமலே கருத்துச் சொன்னார்.

"இது பிள்ளையளின்ர மூளையைக் கெடுக்கும் எண்டு எழுது பிள்ளை, என்ர பேரையும் போடு. கொஞ்சம் பொறு, இந்தக் கட்டம் முடியட்டும்."

ஐந்தாம் செய்தி: இரண்டு தாள் பெயர்கள்

கடைசியாக அரசியல். டவுனில் கைக்கடிகாரக் கடை வைத்திருந்தவர் ஒரு கட்சிக் கிளையின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆண்டுக் கூட்டம் நடந்திருந்தது. இரண்டு முழுத்தாள் நிறையப் பெயர் எழுதிக் கொடுத்தார்: தலைவர், துணைத் தலைவர், உதவித் தலைவர்கள், செயலவையினர், வருகை தந்தோர், வர இயலாமல் வாழ்த்து அனுப்பியோர். கூட்டத்தில் என்ன முடிவானது என்பதற்கு மட்டும், தாளின் அடியில், ஒரு வரி.

இடம் போதாவிட்டால் எதைக் குறைப்பது என்று கேட்டேன். அவர் சரிபார்த்துக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"தீர்மானத்த வெட்டுனாலும் பரவால்ல லா. பேர்ல கை வச்சா கெளை ஒடஞ்சிரும்."

பஸ் நிலையத்தில்

நாலு மணிக்குப் பஸ் நிலையத்துப் பொதுத் தொலைபேசியில் ஆசிரியரைக் கூப்பிட்டு, கவரில் வருவதையெல்லாம் சொன்னேன். தண்ணீர் என்றதும், "மறுபடியுமா?" என்று பெருமூச்சு விட்டார். கட்சிக் கூட்டம் என்றதும் குரலே மாறிவிட்டது. "பேர் எல்லாத்தையும் விடாம அனுப்பும்மா. பேர் வந்தவன் தனக்கு ஒண்ணு, சம்பந்தி வீட்டுக்கு ஒண்ணுன்னு வாங்குவான்" என்றார்.

போனை வைத்தேன். பையிலிருந்த மனுவை எடுத்துப் பார்த்தேன். அதில் செய்தி இரண்டு வரிதான், மீதியெல்லாம் பெயர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, கட்சிக் கூட்டத்துக்கு எழுதுகிற அதே தோரணையில் எழுத ஆரம்பித்தேன். 'மூன்று வாரமாகத் தண்ணீரின்றி அவதிப்படுவோர் வருமாறு' என்று தலைப்பு. திரு. இன்னார், திருமதி இன்னார் என்று ஒவ்வொருவராக மரியாதை கெடாமல் இறக்கினேன். கடைசியில், 'திருமதி பச்சையம்மாள் அவர்களின் மகள், இன்னும் பெயர் சூட்டப்படவில்லை' என்று முடித்தேன். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இத்தன பேரா? கல்யாணப் பத்திரிகை அடிக்கிறியா தங்கச்சி, குடு லா, வண்டி போவணும்."

சனிக்கிழமை

வியாழக்கிழமை பேப்பரில் ஒரு பெயர்கூட வெட்டுப்படாமல் வந்தது. செலண்டாரில் பேப்பர் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டதாம். லயத்துக்காரர்கள் ஆளுக்கொன்று கையில் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை திறப்பு விழாப் பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் கோஷம் போடவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, பேப்பரில் தங்கள் பெயரைத் தொட்டுக் காட்டினார்களாம். சட்டமன்ற உறுப்பினர் ரிப்பனை வெட்டும் முன்பே தோட்ட நிர்வாகியைத் தேடினார். சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. திங்கட்கிழமை பம்ப்புக்குச் சாமானும் வந்தது.

லாரி வந்த அன்று நானும் ஓடினேன். பச்சையம்மாள் அக்கா வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, காலில் குழந்தையைக் கிடத்தி, நல்ல தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குழந்தை ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. கட்டியிருந்த தொண்டை சரியாகிவிட்டது. அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. அக்கா நன்றி சொல்லப்போகிறார் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கையெழுத்து வாங்குன அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு லாரியில ஜொகூருக்குப் போயிட்டாரு. பேரு வைக்காத புள்ளகூட வந்துச்சு, பொண்டாட்டி பேரு வந்துச்சு, என் பேரு இல்லையேன்னு இந்தத் தண்ணிய தொடமாட்டேங்கறாரு. நீயே உள்ள போயி சமாதானம் சொல்லு."

தோட்டத்துக்குத் தண்ணீரும், உள்ளே போன எனக்கு அவரிடம் திட்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததால், செய்தி ஒழுங்காகத்தான் வெளியாகியிருக்கிறது என்று நான் உறுதி செய்துகொண்டேன்.