அகிலா மேடத்துக்குப் பால் கலக்காத காப்பி

போன வாரம் ஒரு காலையில் பெங்களூரிலிருந்து பேத்தி செல்வி போன் செய்து, "ஆயா, அகிலா மேடம் தவறிட்டாங்க" என்றாள். யார் சொன்னது, நீ கண்ணால் பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்தேன் ஆயா" என்று அழுதாள். மாரடைப்பாம். அப்போதும் எனக்கு நம்ப மனம் வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அகிலா மேடம் பெங்களூரில் ஒரு கல்லூரியில் கிருமிகளை ஆராய்ந்த பேராசிரியர். சுரங்க ஊரான எங்கள் தங்க வயலிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா தொழிற்சாலை எஞ்சினியர். என் வீட்டுக்காரர் நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர். நான் படித்தது ஐந்தாவது. என் பேத்தியோ எம்.எஸ்ஸி. முடித்து, அந்த மேடத்திடமே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவள். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் இது தெரியாதவர் யாராவது இருந்தால் அவர் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம்.

இங்கே இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு வரும் ஞாயிறுகளில் மேடம் எங்கள் வீட்டுக்கும் வருவார். காப்பி கொடுத்தால், "இப்பதாம்மா குடிச்சேன்" என்பார். மோர் கொடுத்தால் சளி என்பார். தீபாவளிக்குப் பாயசம் வைத்தேன். கிண்ணத்தைத் தொட்டதோடு சரி. எனக்குச் சந்தேகம் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? அதிகாரிகள் வீட்டுத் தோட்டங்களைக் கூட்டியவர் என் அம்மா. பின்வாசலில் இரண்டு கையையும் குவித்துத்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

"அந்தம்மா கிட்ட நீ படிக்க வேணாம். நம்ம வூட்டுத் தண்ணி ஆவாதவங்க, உன் படிப்ப மட்டும் முடிச்சிக் குடுப்பாங்களா?" என்றேன் செல்வியிடம்.

"காலேஜ்லயும் பால் டீ குடிக்க மாட்டாங்க ஆயா."

"அங்க குடிக்காட்டி எனக்கின்னா?"

"வேற எடம் போனா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இத்தன வருசமும் வீண்" என்று அழுதாள். நான் இளகவில்லை.

அடுத்த ஞாயிறு மேடத்தின் முன்னால் காப்பியை வைத்து நேராகவே கேட்டேன். "எங்க வூட்டு டம்ளரு உங்களுக்கு ஆவாதா?"

அவர் டம்ளரை எடுத்து, வாய் வைத்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்து, மறுபடியும் ஓடினார்.

"எனக்குப் பால் ஒத்துக்காதும்மா."

"வந்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அப்புறம் சொன்னார்: "பால் சர்க்கரைய அறுக்கிற சரக்கு என் குடல்ல கொறஞ்சுபோச்சு. உள்ள இருக்கிற பாக்டீரியா அந்தச் சர்க்கரையத் தின்னு கூத்தடிக்குது. அதுங்களும் அந்தச் சரக்க எப்பவும் செஞ்சு வெக்காது. அதுக்கான ஜீன் மேல ஒரு புரதம் காவலுக்கு உக்காந்திருக்கும். பால் சர்க்கரை வந்து தொட்டாத்தான் அது எழுந்து வழி விடும். சர்க்கரை தீந்தா திரும்பி வந்து உக்காந்துக்கும்."

"சொரங்கத்துல மணி அடிக்காம ஆள எறக்குற கேஜ் எறங்காது. அப்பிடித்தானே?"

"அதேதான். உங்கள மாதிரி சந்தேகப் பிராணிங்க. சர்க்கரை வந்ததுன்னு தெரியாம ஒண்ணும் செலவு பண்ணாது."

"அப்ப அதுங்க பொழச்சிக்கும்" என்றேன்.

செல்வி அவரிடமே படித்தாள். மேடம் வந்தால் வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி. ஆனாலும் உதடு டம்ளரில் படுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும். "வெச்சிட்டேம்மா வாய. பாத்துக்குங்க" என்பார். போன மாதம் செல்வி ஆய்வேட்டை ஒப்படைத்தாள். மேடம் உடன் நின்றாராம்.

மூன்றாம் நாள், எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் அவரை எரித்த இடத்தில் அவருடைய அண்ணன் செம்பிலிருந்து பால் தெளித்தார். "அவங்களுக்குப் பால் ஆவாதுங்க" என்றேன்.

"சாங்கியம்மா" என்றார்.

அவர்கள் நகர்ந்த பின் பையிலிருந்து பிளாஸ்கையும் எங்கள் வீட்டு டம்ளரையும் எடுத்தேன். கறுப்புக் காப்பியை ஊற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று நானே வாய் வைத்து ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். பால் இல்லை. மிச்சத்தைச் சாம்பல் மேல் மெல்ல ஊற்றினேன்.

"நான் பாத்துட்டேன் மேடம். நம்பிக் குடிங்க."