ஆத்தா என்று சொல்லிவிட்டார்கள்

கெலாங் பாத்தாவில் எனக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கிறாள் தேன்மொழி. வயது முப்பத்து நாலு, தொழிற்சாலை வேலை. வெயில் பட்டால் முகம் சிவந்து தடித்துவிடும், அதனால் குடையில்லாமல் கீழே இறங்கமாட்டாள். அவளைத் தேடி ஒரு ஆள் வந்து நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, அதில் யாரோ பேசுவதைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுவாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊர் ரெங்கத்தில் அவளுக்கு முதன்முதலாக முகம் சிவந்தது, காய்ச்சலும் அடித்தது. அவள் அம்மா வெள்ளையம்மா, "ஆத்தா வந்திருக்கா" என்று வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். ஆத்தா வந்த வீட்டில் ஊசி மருந்து கூடாதாம். மூன்று வாரம் கழித்துக் கால் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. லூபஸ் என்றார்கள். அதற்குள் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பாரத்தில் ஒரு கேள்வி. அம்மா சொன்னபடி தேன்மொழி மலாயில் 'தியாடா', இல்லை என்று எழுதினாள். அப்பாவின் தங்கை கருப்பாயி இதே சிவந்த முகத்தோடு, மூட்டெல்லாம் வீங்கி, இருபத்தொன்பது வயதில் தோட்டத்தில் செத்துப்போனவள். வெள்ளையம்மா பொய் சொல்லவில்லை, பாவம். கருப்பாயியை ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்றுதான் அந்த வீட்டில் பேச்சு. ஆத்தாவை எவளாவது வியாதி என்று எழுதுவாளா?

போன வருஷம் தேன்மொழியின் தங்கை லோஷினியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே லோஷினிக்கு முகம் சிவந்தது, விரல் மூட்டு வலித்தது. வெள்ளையம்மா மறுபடி வேப்பிலை ஒடித்தார். இங்கே தேன்மொழிக்குச் சோறு இறங்கவில்லை. ஓடிப்போய்த் தன் டாக்டரிடம் அத்தை கதையைச் சொன்னாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"உடம்புக்குள்ள ஒரு ஜாகா, காவக்காரன், இருக்கான்னு வச்சுக்குங்க," என்றார் டாக்டர். "கிருமி வந்தா அடிக்கணும், போனதும் நிறுத்தணும். எப்ப நிறுத்தணும்னு சொல்ற மரபணுவுல கோளாறு இருந்தா, வீட்டுக்காரங்களையே அடிப்பான்."

"அப்ப என் தங்கச்சிக்கும் வந்துருமா?"

"வந்தே தீரும்னு இல்லம்மா. ஒரு மரபணு இல்ல, நிறைய சேரணும். அதுக்கு மேல வெயில், கிருமி, எத்தனையோ இருக்கு. கூடப் பொறந்தவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல வராது. ஆனா ரத்தம் பார்த்துடணும், தள்ளிப்போடாதீங்க."

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் போட்டாள். வெள்ளையம்மா கத்தியது என் அறை வரைக்கும் கேட்டது. "பரம்பரை வியாதின்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாவுறது? உன் வாழ்க்கைதான் போச்சு, அவளையாவது விடுலா!"

பெற்ற வாயா அது! லோஷினியும், அக்காவுக்குப் பொறாமை என்று, நாலு நாள் போனை எடுக்கவில்லை. கடைசியில் தேன்மொழி ஒரு வரி அனுப்பினாள்: "நான் பொறாமைக்காரியாவே இருந்துட்டுப் போறேன், நீ ரத்தம் மட்டும் குடு." மூன்று வாரம் அந்தப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஒரு மத்தியானம் லோஷினியே கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, ரத்தம் பார்த்தேன். ஒண்ணும் இல்லையாம். புது கிரீம் ஒத்துக்கலையாம், விரல் வலி சும்மா சுளுக்காம், அவ்வளவுதான்."

"அப்பாடா!" என்று தேன்மொழி வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"அக்கா... கல்யாணத்துக்கு நீ வர வேணாம்லா. உன் முகத்தைப் பார்த்தா அவங்க கேட்பாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி நாலு கேட்டிருப்பேன். தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா," என்றாள். "எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு."

கல்யாணத்துக்கு அதுவரை தேதியே குறிக்கவில்லை.