திருச்சி கேட்காத லயம்

வேலாயிக்குப் பொய் சொல்ல வராது. புதுச் சேலை நன்றாயில்லை என்றால் கல்யாணப் பந்தலில் வைத்தே சொல்லிவிடுவாள். குடித்துவிட்டு மலைக்கு வேலை மேற்பார்க்க வந்த கண்டாக்கு ஐயாவை, கொழுந்தெடுக்கும் அத்தனை பெண்கள் முன்னாலும், போய்ப் படுக்கச் சொன்னவள். அப்படிப்பட்டவள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயம் முழுவதையும் பொய் சொல்ல வைத்தாள். ஐம்பத்தேழாம் ஆண்டு, இலங்கையில் கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார்.

அவளுக்கும் புருஷன் ஆண்டியப்பனுக்கும் பிள்ளையில்லை. அந்தக் குறைக்குத்தான் ரேடியோ வாங்கினார்கள் என்று லயத்தில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேலை விட்டு வந்து, கொழுந்துக் கறை போகக் கை கழுவி, அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்ததும் ரேடியோவின் முள் திருச்சிக்குப் போய்விடும். பொழுது சாய்ந்தால் திருச்சி நிலையம் எங்கள் பள்ளத்துக்குள் தெளிவாக வந்து இறங்கும். நாகஸ்வரம் என்றால் வாசலில் கூட்டமே உட்கார்ந்துவிடும். அவள் அம்மா பிறந்தது முசிறிப் பக்கம். வேலாயி பிறந்தது இந்த லயத்தில். கடலைக்கூட அவள் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து விஜேசேகர என்றொரு விரிவுரையாளர் வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு கருவியிலிருந்து வானொலி அலையை அனுப்பினால், அது மலையைத் தாண்டி எங்கள் பள்ளத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத அலையை அனுப்பக் கொழும்பில் எத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது என்று என்னிடம் சொல்லி மாய்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் பல்கலைக்கழகம் எழுதி எழுதித்தான் அனுமதி வந்ததாம். பிறகு தோட்டத்துத் துரையின் அனுமதி. அதைக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கண்டாக்கு எல்லோருக்கும் அறிவித்தார். அத்துடன் காரியம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்த மனிதர் அப்படி நினைக்கவில்லை. லயத்துக்கே வந்து, ஏரியல் கம்பியை வேலாயி வீட்டுக் கூரையில் கட்டலாமா என்று அவளிடமே கேட்டார். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டார். மிச்சத்தை நான் சொன்னேன். வேலாயிக்கு விளங்கவில்லை. கூரையும் துரையுடையது, சுவரும் துரையுடையது, தன்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்? குடியிருப்பது நீங்கள்தானே என்றார் அவர். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி, கட்டிக்கொள்ளச் சொன்னாள். அன்று முழுவதும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

மறுநாள்தான் வந்தது வினை. தன் அலையோடு எது கலக்கும் என்று குறித்துக்கொள்ளத் தாளும் பேனாவுமாக வந்து, உங்கள் ரேடியோவில் எந்தெந்த நிலையம் கேட்கும், திருச்சி கேட்குமா என்றார்.

வேலாயியின் முகம் செத்துப்போனது. ஆண்டியப்பன் அவளையும் சேர்த்துப் போட்டிருந்த இலங்கைக் குடியுரிமை மனுவுக்கு அடுத்த மாதம் நுவரெலியாவில் விசாரணை. இந்தியாவுக்குப் போனாயா, பணம் அனுப்பினாயா, அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று குடைவார்களாம். இந்தியத் தலைவர் ஒருவரின் படம் சுவரில் இருந்ததற்காக உடப்புசல்லாவையில் ஒருவனுக்கு இல்லையென்று விட்டார்களாம். உண்மையோ புளுகோ, லயத்தில் எல்லோரும் படங்களைக் கழற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்த காலம். அந்த நேரத்தில் ஒரு சிங்கள ஐயா வந்து, திருச்சி கேட்கிறாயா என்கிறார்.

"திருச்சி இங்க வராதுங்க. கொழும்பு மட்டுந்தாங்க," என்றாள் வேலாயி.

அவள் சொன்னதையே அடுத்த வீட்டு ராக்காயியும் சொன்னாள். அதற்கடுத்த வீட்டுப் பொன்னையா ஒரு படி மேலே போய், திருச்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரிடமே விசாரித்தான். விஜேசேகர என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அன்றிலிருந்து வேலாயி முள்ளைத் திருச்சிக்குத் திருப்பவில்லை. கொழும்பில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு அந்த விரிவுரையாளர் மேல் எரிச்சலாக வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்?

ஒரு மாலை அவர் அலையை வாங்கும் தன் கருவியை லயத்து வாசலில் வைத்துச் சோதித்தார். எதையோ தேடித் திருகியபோது திருச்சி நாகஸ்வரம் பொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் ரேடியோக்களில் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை. லயமே வாசலுக்கு வந்தது. வந்த பிறகுதான், வந்திருக்கக் கூடாது என்று எல்லோருக்கும் உறைத்தது. யாரும் தலையை ஆட்டவில்லை. வேலாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, இது கேட்கிறதல்லவா என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க," என்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

அவர் கருவியை நிறுத்தினார். அவரைக் கூட்டிக்கொண்டு தெருவரை நடந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அலை அனுப்ப ஒரு வருஷம் அலைந்ததை உங்களிடம் எவ்வளவு பெரிதாகப் பேசிவிட்டேன் என்றார். மறுநாள் அவளிடம் போய், யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அதற்கு அவள் சொன்னாள்:

"திருச்சி இங்க வருதுன்னு எழுதிக்கிங்க. நாங்க கேட்டோம்னு மட்டும் எழுதாதீங்க."

அப்படியே எழுதிக்கொண்டு, வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொடர்ந்து இங்கேயே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆண்டியப்பன் முன்பு வேலை செய்த தோட்டத்தில் பழைய பதிவு எதுவும் மிஞ்சவில்லை. சில மாதங்களில் மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொல்லும் கேடு எனக்குத்தான் வாய்த்தது. பிறந்த மண்ணிலேயே அவளுக்கு இடமில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னேன்.

ஆண்டியப்பன் அப்படியே குந்திவிட்டான். வேலாயி அழவில்லை. எழுந்து உள்ளே போய், முள்ளைத் திருச்சிக்குத் திருப்பி, சத்தத்தை முடிந்தமட்டும் கூட்டி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாஸ்டர், அந்த ஐயாவுக்கு ஒரு கடுதாசி போடுங்க. மத்தவங்க பேரு வேணாம், அவங்களுக்கு இன்னும் விசாரண முடியல. வேலாயி திருச்சி கேக்குறா, தெனமும் கேக்குறான்னு எம் பேரப் போட்டே எழுதிக்கச் சொல்லுங்க."