வெறுந்தறி

“அம்மா, ‘உக்கிரம்’ வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க” என்று மகள் கேட்டபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் தறிச் சத்தம் கிளம்பிவிட்டது.

சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீதி முழுக்க விசைத்தறிதான். எங்கள் வீட்டை ஒட்டிய குடோனிலும் தறிகள் இருந்தன. அப்பா யாரையும் மரியாதையில்லாமல் பேசமாட்டார். கோபம் வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய்த் தறிகளை ஓடவிடுவார். பாவு தீர்ந்து, நெய்ய நூலே இல்லாத நாளிலும் ஓடவிடுவார். பிறகு வாசலில் நின்று கூப்பிடுவார்.

“அம்மணி, கொஞ்சம் உள்ள வாங்க.”

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு போவாள். கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே அவள் கத்துவது, வெளியே நிற்கும் எனக்கே கேட்காது. திரும்பி வரும்போது அவள் மேல் தறி எண்ணெய் நாறும்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் இதே வார்த்தையைக் கொடுத்தார். “எங்கள் தறி உக்கிரமாக ஓடும்” என்றேன். நன்றாக இருக்கிறதென்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பக்கத்து வீட்டு மல்லிகா மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் வீட்டிலும் தறிதான். நூல் ஓடும் தறிக்கும் வெறுந்தறிக்கும் சத்தம் வேறு. நெசவுக்கார வீட்டுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். வீதியில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை.

“சொல்லுங்கம்மா!”

“வெயில் உக்கிரமாக இருந்ததுன்னு எழுதிக்க, கண்ணு.”