தேவாங்கு என்றால் தேவதூதர்

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பினால் மற்றவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கக் கிளம்புவார்கள். நான் மிருகக்காட்சிசாலைக்குப் போவேன். பாலூட்டிகள்தான் எனக்கு, பறவை, பாம்பு பக்கம் எட்டியும் பார்க்க மாட்டேன். பெங்களூரில் ஹெப்பகோடிப் பக்கத்து ஆபீசில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவளுக்கு ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிப்பதுதானே பிழைப்பு!

ஜெர்மனியில் நம் ஊர்க் கரடியைப் பார்த்தேன், நம் ஊர் வெளிமானைப் பார்த்தேன். குளிருக்கு அவற்றுக்குக் கதகதப்பான வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெங்களூரில் நாங்கள் ஆப்பிரிக்க நீர்யானையின் முன்னால் குடும்பத்தோடு நின்று வேர்க்கடலை தின்போம். இக்கரைக்கு அக்கரை பச்சை, மிருகத்துக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இரவு விலங்குகளின் இருட்டறைக்குள் நுழைந்தேன். மங்கலான சிவப்பு விளக்கு. கண்ணாடிக்குப் பின்னால், குச்சிக் கைகளோடு, முகமெல்லாம் கண்ணாக, கிளையைப் பிடித்தபடி ஒரு தேவாங்கு. வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. பேச வாயெடுத்த பிள்ளையின் வாயை ஒரு அப்பா பொத்தினார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால், பெங்களூரில் எங்கள் லிங்கராஜபுரத்துத் தெருவில் என் மகளுக்கு அந்தப் பெயர். வைத்தவள் என் கணவரின் அக்கா, அடுத்த வீட்டுக்காரி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையைத் துணி விலக்கிப் பார்த்து, "ஐயோ கர்த்தாவே, இன்னாடி இது, தேவாங்காட்டம் கண்ணு மட்டும் இருக்குது!" என்றாள். நான் அழுதேன். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் வாசலில் நின்று, "எங்கடி என் தேவாங்கு?" என்றுதான் கூப்பிடுவாள். "அண்ணி, அப்படிக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, இல்லியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். கணவரிடம் போனால், "விடும்மா, அக்கா கிண்டலுக்குத்தானே சொல்றாங்க" என்பார். அந்த "விடும்மா"வைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காகும். மாடி வீட்டுக் கன்னடக்கார அம்மாதான் சொன்னார், அவர்கள் மொழியில் அந்த மிருகத்துக்குக் காடு பாப்பா என்று பெயராம். காட்டுக் குழந்தை. நம்மவர்களுக்கு அது வசவு!

மகளுக்கு அது வசவு என்று தெரியாது. தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். அவளுக்குத் தெரிந்த பெரிய தமிழெல்லாம் சர்ச்சில் கேட்டது. தேவாலயம், தேவதூதர், தேவகுமாரன். அந்த வரிசையில் தேவாங்கையும் சேர்த்து, அத்தை தன்னைப் பரலோகத்து ஆளாக நினைக்கிறாள் என்று நம்பிவிட்டாள். "அத்தைக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்" என்பாள். நான் என்னத்தைச் சொல்ல? சொன்னால் பிள்ளை உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் என்றைக்காவது ஊர் சொல்லும். அமெரிக்காவுக்குப் போனபோது அங்கேயும் ஓர் இருட்டறையில் அதே கண்களைப் பார்த்தேன். அதே வயிற்றெரிச்சலோடு, கடையில் அதன் படம் போட்ட அட்டை ஒன்று வாங்கிவந்து, கொடுக்கத் துணிச்சல் இல்லாமல் பீரோவில் வைத்தேன்.

ஊர் சொல்லிவிட்டது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு சர்ச் ஹாலில் வேஷம் பிரித்தார்கள். மேய்ப்பன் யார், ராஜா யார் என்று டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார். என் மகள் கையைத் தூக்கி, "மிஸ், நான் தேவாங்கு! வெள்ளை ரெக்கை எங்கம்மா தைச்சுத் தருவாங்க" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. வாசலில் நின்ற அண்ணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று பிள்ளையும் கொஞ்ச நேரம் சேர்ந்து சிரித்தது. அதை நினைத்தால் இப்போதும் யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்துக் காட்டினேன். "இதைப் பார்க்க அங்கெல்லாம் டிக்கெட் வாங்கி நிக்கிறாங்கடி கண்ணு" என்று என்னென்னவோ சொன்னேன். அவள் அட்டையையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு எடுத்த எந்தப் போட்டோவிலும் என் மகளின் கண்கள் முழுதாகத் திறந்திருக்கவில்லை. வெயிலில் நிற்கிறவள் போலச் சுருக்கியே வைத்திருப்பாள். சிவாஜிநகர் கண் டாக்டர், பார்வையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். கோளாறு யாரிடம் என்று எனக்குத் தெரியாதா?

சில வருஷம் கழித்து மறுபடி ஜெர்மனி. பள்ளி விடுமுறை என்பதால் அவளையும் கூட்டிப்போனேன். இருட்டறையில் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி நின்றாள். பக்கவாட்டில் பார்த்தேன். கண்களை முழுதாகத் திறந்திருந்தாள், பிறந்த அன்று திறந்த மாதிரியே. அங்கே அவளை யாரும் பார்க்க முடியாதல்லவா. கதவைத் தாண்டி வெளியே வந்ததும் மறுபடி சுருக்கிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாசமாப் போறவ, அவ வாயில புழு வைக்க!" என்று அண்ணியை அத்தனை வெள்ளைக்காரர் நடுவில் வாய்விட்டுத் திட்டினேன். தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது! பக்கத்தில் நின்றவளுக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்தாள்.

"விடும்மா," என்றாள், "அத்தை கிண்டலுக்குத்தானே சொன்னாங்க."