பிரான்ஸுக்குப் போன சட்டை

எங்கள் வீட்டில் ஒரு நல்ல செய்தி வந்தால் முதலில் சாமிப்படத்துக்குச் சொல்வார்கள். அடுத்து லண்டனில் இருக்கும் பெரியம்மாவுக்குச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டார்கள். நானும் அண்ணாவும் மோப்பம் பிடித்தே வீட்டு நடப்புகளைத் தெரிந்துகொண்டோம். எனக்கு அப்போது எட்டு வயது. யாரையும் லேசில் நம்புவதில்லை என்று அந்த வயதிலேயே முடிவெடுத்திருந்தேன். "சும்மா டொக்டரைப் பாத்திட்டு வருவம்" என்று கூட்டிப்போய்த் தடுப்பூசி போட்டுவிட்டவர்களை வேறு எப்படி நடத்துவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுவிஸில், பீல் நகரத்தில், எங்கள் வீட்டு மேசையில் ஆட்டிறைச்சிக் கறி ஆறிக்கொண்டிருந்தபோது, லாங்கன்தால் என்ற ஊரில் இருக்கும் மாமியிடமிருந்து போன் வந்தது. சொந்த மாமி இல்லை. சுவிஸுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவருடைய மனைவி. இரண்டு குடும்பமும் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அம்மா போனைப் பிடித்தபடி, "மெய்யாவோ? மெய்யாவோ?" என்று கேட்டார். சிரித்தார். கைதுடைக்கிற துவாயால் கண்ணைத் துடைத்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "ஓமோம், இவளுக்கு ஒண்டும் சொல்லமாட்டம். சொன்னால் தமிழ்ப் பள்ளிக்கூடம் முழுக்கப் பறைஞ்சு போடுவாள்."

பிறகு கால் முகம் கழுவிவிட்டுப் போய் விளக்கேற்றினார். மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்த நாளில் எங்கள் வீட்டில் சாமிப்பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு இறைச்சிக் கறி மேசையில் இருக்க, விளக்கு எரிந்தது. இதில் ஏதோ இருக்கிறது என்று நான் அப்போதே குறித்துக்கொண்டேன்.

அந்தக் கிழமையே அப்பா அறிவித்தார். "இந்த முறை லீவுக்குப் பிரான்ஸுக்குப் போறம்."

"பாரிஸுக்கோ?" என்றான் அண்ணா.

"இல்லை. ஒரு கிராமத்துக்கு. லாங்கன்தால் மாமாவையளும் வருகினம்."

விடுமுறை என்றால் எங்களுக்குச் சொந்தக்காரர் வீடுதான். பாரிஸில் சித்தப்பா வீட்டில் நிலத்தில் வரிசையாகப் படுப்பது, தமிழ்க் கடைத்தெருவில் கொத்துரொட்டி தின்பது, திரும்பும்போது கார் நிறைய மரக்கறி கொண்டுவருவது. பார்க்க ஆளில்லாத ஊருக்கு யாராவது போவார்களா?

"அங்க தமிழாக்கள் இருக்கினமோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை" என்றார் அப்பா, அதுதான் அந்த ஊரின் பெரிய அழகு என்பதுபோல.

பீலில் பாதிப் பேர் ஜெர்மன் பேசுவார்கள், மீதிப் பேர் பிரெஞ்சு. எங்கள் வீட்டையும் அப்படியே பங்கு பிரித்திருந்தார்கள். அண்ணா ஜெர்மன் பள்ளிக்கூடம், நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அப்பாவுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பழகிய ஜெர்மன் மட்டும்தான் வரும். ஆகவே பிரான்ஸில் வாடகைக்கு எடுக்கும் வீட்டின் சொந்தக்காரப் பெண்மணியோடு போனில் கதைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்பா பக்கத்தில் நின்று கேள்விகளை எடுத்துக் கொடுத்தார்.

"படி ஏறத் தேவையில்லாத ஒரு படுக்கையறை இருக்கோ எண்டு கேள்."

இருந்தது. ஊரில் ஒரு தேவாலயம், ஒரு குளம், வீட்டுக்குப் பின்னால் வாதுமை மரம் எல்லாம் இருந்தன. ரொட்டி விற்கிற பாண்காரர் காலையில் வான் வண்டியில் வந்து ஹோர்ன் அடிப்பாராம். ஆட்டுப்பாலில் செய்த சீஸ் வேண்டுமா என்றும் அந்தப் பெண்மணி கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது.

"கிட்டடியில ஆஸ்பத்திரி இருக்கோ எண்டு கேள்."

கேட்டேன். பக்கத்து நகரத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, யாருக்காவது சுகமில்லையா என்று விசாரித்தார். அப்பாவிடம் சொன்னேன்.

"சும்மா கேட்டதெண்டு சொல்லு."

சும்மா! தடுப்பூசிக்குச் சொன்ன அதே சும்மா.

வாசிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். மாமி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். அதற்கு முன்னும் உண்டாகி, தங்காமல் போயிருந்தது. அப்போது ஊரெல்லாம் அறிந்து, ஊரெல்லாம் வந்து துக்கம் விசாரித்தது. கோடை வந்தால் சுவிஸில் தமிழருக்குத் தேர்த் திருவிழாவும் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுமாக ஒவ்வொரு சனி ஞாயிறும் ஏதாவது இருக்கும். போனால் ஆட்கள் வயிற்றைப் பார்ப்பார்கள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். "லீவில நிக்கிறம்" என்று சொல்லிவிட்டு, கண்ணூறுபடாத ஓர் இடத்தில் இருந்துவிட்டு வர மாமி ஆசைப்பட்டார். அதற்குத்தான் தமிழரில்லாத கிராமம்.

எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. மாமி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னை மடியில் இழுத்து வைத்து, "இவளை எங்களுக்குத் தாங்கோவன்" என்பது மட்டும்தான் தெரியும். அம்மாவும் விட்டுக்கொடுக்காமல், "கொண்டு போங்கோ, தொல்லை விட்டுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

அண்ணாவிடம் ஆலோசனை கேட்டேன். பன்னிரண்டு வயதுக்காரனிடம் போய்க் கேட்டது என் கெட்ட காலம். அவன் நன்றாக யோசித்துவிட்டு, "உன்னைத்தான் குடுக்கப் போகினம். உனக்குத்தானே பிரெஞ்சு தெரியும்" என்றான்.

பயணத்துக்குச் சாமான் கட்டத் தொடங்கினார்கள். சோறு காய்ச்சும் குக்கர், இடியப்ப உரல், புட்டுப்பானை, மிளகாய்த்தூள், ஒரு மூட்டை அரிசி. பிரான்ஸில் அரிசி விளைவதில்லை என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதெல்லாம் வழக்கம்தான். ஆனால் ஒருநாள் அம்மா நிலவறைக்குப் போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, அதிலிருந்து நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட மஞ்சள் சட்டையை எடுத்தார். தோய்த்து, காயவைத்து, மடித்தார். என் பஞ்சாயுதத்தையும் அதன் சின்னப் பெட்டியோடு எடுத்து வைத்தார். குழந்தையில் என் கழுத்தில் கிடந்த தங்கம் அது.

"என்ரை சட்டை ஏன் பிரான்ஸுக்கு வருது?"

"சும்மா" என்றார் அம்மா.

கீழ்வீட்டுக்காரி பூனை வாங்கியபோது அதன் கூடையையும் கிண்ணத்தையும் சேர்த்துத்தான் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையைக் கொடுப்பதானாலும் அப்படித்தானே இருக்கும்! அன்று பின்னேரமே என் சைக்கிளைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில் ஆசிரியை வழக்கத்தைவிட இறுக்கமாகக் கை கொடுத்து நல்ல விடுமுறை வாழ்த்தினார். இவருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பிறக்கிற பிள்ளைக்கு எங்கள் ஆட்கள் முதன்முதலில் புதுச்சட்டை போடுவதில்லை. பிறக்குமுன் எதையும் வாங்கி வைப்பதுமில்லை. நோய்நொடி இல்லாமல் வளர்ந்த ஒரு பிள்ளையின் பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுவார்கள், அந்தப் பிள்ளையைப்போல இதுவும் நிலைக்கட்டும் என்று. மாமி கேட்டது என் சட்டையை. இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இருக்க, என்னுடையதை. அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன்.

பெரிய வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். என்னை மாமிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். மாமி குமட்டலுக்கு ஒரு தேசிக்காயை, எலுமிச்சையை, மணந்துகொண்டே வந்தார். மற்றக் கையால் என் கையைப் பிடித்தார். நான் கையைப் பொத்தி வைத்திருந்தேன். எல்லை கடந்து, வெளியே மாடுகளும் சூரியகாந்தித் தோட்டங்களுமாக ஓடின. வழியில் தேநீருக்கு நிறுத்திய இடத்தில் அம்மா அந்தச் சட்டையை எடுத்து மாமியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். மாமி அதை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"நான் உங்களோட இருக்கமாட்டன்! எனக்கு எங்கட வீட்டைதான் போகவேணும்!" என்று கத்தினேன்.

மாமா தேநீரைக் கீழே வைத்தார். அம்மா, "விசரி, என்ன கதைக்கிறாய்?" என்றார். அண்ணா மெல்ல வானுக்குப் பின்பக்கம் போய்விட்டான். மாமிக்குத்தான் முதலில் விளங்கியது. அழுத கண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தார். "சட்டையை மட்டும்தான் தந்தவை, பிள்ளை. உன்னைத் தரேல்லை. உன்னை ஆர் சமாளிக்கிறது?"

நான் நம்பவில்லை. அந்த விடுமுறை முழுக்க மாமியோடு தனியே இருக்காமல் பார்த்துக்கொண்டேன். பாண்காரரின் ஹோர்ன் கேட்டால்கூட அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு ஓடினேன். மாமி வாதுமை மர நிழலில் சாய்மனைக் கதிரை போட்டுப் படுத்திருப்பார். எதிரே போகிற கிழவர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமியை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கண்டதில்லை. திரும்பி வந்தபோது என்னையும் வானில் ஏற்றினார்கள் என்பதை உறுதிப்படுத்திய பிறகே எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சட்டை லாங்கன்தாலுக்குப் போய்விட்டது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இலை கொட்டுகிற காலத்தில் ஒரு புதன்கிழமை, பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லாததால் நான் வீட்டில் நிற்க, மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமி மெலிந்திருந்தார். அம்மா வழக்கம்போல வாசலிலேயே கதையைத் தொடங்கவில்லை. மாமி கைப்பையைத் திறந்து மஞ்சள் சட்டையை எடுத்தார். தோய்த்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. அதன்மேல் பஞ்சாயுதப் பெட்டி.

நான் துள்ளிக் குதித்தேன். கையைத் தட்டினேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீர்க்குழாயைத் திறந்தார். வெகுநேரம் அதை மூடவில்லை.

மாமி என்னைக் கிட்ட இழுத்து, சட்டையை என் நெஞ்சில் வைத்து அளவு பார்த்தார். "பாத்தியோ, தந்த சட்டையையே திருப்பிக் கொண்டந்திட்டன். உன்னை எப்பிடி வைச்சிருப்பன்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முதல்முறையாக மாமியை எனக்கு முழுக்க நம்பலாம்போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் மடியில் நானாகவே ஏறி இருந்தேன்.

"அடுத்த வருசமும் அந்த வீட்டுக்குப் போவமோ, மாமி? நான் போன் எடுத்துக் கேக்கிறன்."

"ஓம், கேள்."

"படி ஏறத் தேவையில்லாத அறைதான் வேணுமெண்டு சொல்லவோ?"

மாமி என் தலையைத் தடவினார்.

"தேவையில்லை, பிள்ளை. இனி நான் படி ஏறுவன்."

மாமிக்கு நல்ல சுகம் வந்துவிட்டது என்று குசினிக்குள் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.